பைபாஸ் டர்ஃபும் எங்கள் பொட்டலும்

பாளையங்கோட்டையை விட்டு பைபாஸ் ஏறுகிற பக்கம் இப்போது டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம், நாலைந்து முளைத்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரு தடவையாவது ஃபுட்பால் ஆடிப் பார்த்தாச்சு. அதில் ஒன்றில் மட்டும் மூன்று வருஷமாக வாரா வாரம் ஆடுகிறோம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் ஓனர் அண்ணாச்சி நாளைக்கே "என்ன தம்பி, தண்ணி கேனைப் பத்தியெல்லாம் எழுதிப்புட்டிய" என்று பிடித்துக்கொள்வார், அவர் முகத்தில் முழிக்க வேண்டியது நான்தான்.

முதலில் நல்லது. தரை நல்ல தரை. ஏறக்குறைய 100 அடிக்கு 60 அடி, செயற்கைப் புல் இன்னும் சாய்ந்து படுக்கவில்லை, ஒட்டு பிரிந்து கால் தட்டுகிற இடம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு டர்ஃபில் கார்னர் பக்கம் அப்படி ஒரு இடம் இருந்தது, எங்கள் பையன் ஒருவன் அங்கே கணுக்காலைத் திருப்பிக்கொண்டு ஒரு மாதம் நொண்டினான். இங்கே லைட் எட்டும் எரிகிறது. வலையை மேலேயும் இழுத்துக் கட்டியிருப்பதால் பந்து பைபாஸுக்குப் போய் லாரிக்கு அடியில் மாட்டாது. கறுப்பு ரப்பர் குருணை மட்டும் ஷூவுக்குள் புகுந்து வீடு வரைக்கும் கூட வரும். "வாசல்லயே உதறிட்டு வாலே" என்று அம்மா கத்தாத புதன்கிழமை கிடையாது.

சித்திரை, வைகாசியில் பகல் ஸ்லாட் எடுக்காதீர்கள். ரேட் 700தான், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நம்ம ஊர் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் புல் தோசைக்கல். சறுக்கிப் பந்தை எடுக்கப் போனால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். ஆறு மணிக்கு மேல் 1,000 ரூபாய், அதை எடுங்கள், எட்டு மணிக்கு மேல் என்றால் தரை நன்றாக ஆறியிருக்கும். கொசு இருக்கும், பக்கத்தில் வயல், அதற்கு அண்ணாச்சி என்ன செய்வார்.

குறை என்று பார்த்தால் பிப், டீம் பிரித்துக் காட்ட மேலே மாட்டுகிற கலர் பனியன். துவைக்கிறார்களா என்று கேட்டேன், துவைக்கிறோம் என்றார்கள், எப்போது என்று கேட்கவில்லை. சொந்தமாக இரண்டு கலர் பனியன் கொண்டுபோய்விடுங்கள். தண்ணி கேன் சில நாள் காலியாக நிற்கும். அப்புறம் கிரிக்கெட்காரர்கள். இந்த டர்ஃப் எல்லாமே பாக்ஸ் கிரிக்கெட்டை நம்பித்தான் ஓடுகிறது, ஃபுட்பால்காரன் மிச்ச நேரத்துக்கு வருகிற ஆள். எங்களுக்கு ஒன்பது மணி ஸ்லாட் என்றால் எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ஓவர் ஆரம்பிப்பார்கள், ஒன்பதே காலுக்கும் அது முடியாது, ஒரு நோ பால், ஒரு சண்டை, மறுபடி முதலில் இருந்து. அண்ணாச்சி விசில் ஊதினாலும் காதில் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை அவர் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடுவார், கணக்கில் நேர்மையான மனுஷன்.

இதோடு முடித்திருந்தால் இது சாதாரண ரிவ்யூ. எங்கள் கேஸ் கொஞ்சம் வேறு.

எங்கள் டீம் தெருப் பெயரில் ஓடுகிற டீம். அந்தத் தெருவில் இருந்து இந்த டர்ஃப் ஏழு கிலோமீட்டர். 2022 வரைக்கும் தெருவுக்குப் பின்னால், குளத்தங்கரையை ஒட்டி இருந்த பொட்டலில்தான் ஆடினோம். என் சித்தப்பா ஆடியது அங்கே, நானும் அங்கேதான். நெருஞ்சி முள், உடைமுள், எவனோ உடைத்துப் போட்ட பாட்டில், எல்லாம் இருந்தது. தனியார் நிலம்தான், ஆனால் முப்பது வருஷமாக யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒரு நாள் காலையில் போனால் ஜேசிபி நிற்கிறது. அடுத்த வாரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு பிளாட் போட்டாச்சு. பெனால்டி புள்ளி இருந்த இடம் இப்போது ஒருத்தர் வீட்டு போர்டிகோ. அவரைத் திட்ட மனசு வரவில்லை, அவரும் லோன் போட்டு வாங்கியவர்தான்.

டீம் கலைந்திருக்க வேண்டியது. அப்போதுதான் ஒரு ரியல் எஸ்டேட் புள்ளி வந்து, நானே எடுத்து நடத்துகிறேன், ஜெர்ஸி, ஷூ, வண்டி எல்லாம் என் செலவு, பெயரை மட்டும் என் நகர் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள், மைதானமும் அங்கேயே போட்டுத் தருகிறேன் என்றார். அந்த நகர் எங்கள் தெருவில் இருந்து இருபது கிலோமீட்டர். டீக்கடை முன்னால் உட்கார்ந்து கை தூக்கச் சொன்னோம். வேண்டாம் என்று 27 கை, சரி என்று 16. அந்த 43 பேரும் சேர்ந்துதான் இன்றைக்கும் டீமை வைத்திருக்கிறோம், சரி என்று கை தூக்கிய 16 பேரும் சேர்த்து. மாதம் ஆளுக்கு 200 ரூபாய், ஆளுக்கு ஒரு ஓட்டு. இதில் இப்போது ஆடுகிறவர்கள் பாதிகூடக் கிடையாது. டீக்கடைக்காரர் உண்டு, ரிட்டையர்டு தலைமையாசிரியர் உண்டு, துபாயில் இருந்து வருஷப் பணத்தை மொத்தமாக அனுப்புகிற, முன்பு ஓரத்தில் ஓடி ஆடிய ஒரு பழைய விங் ஆட்டக்காரர் உண்டு, பையன்களுடைய அம்மாமார் மூன்று பேர் உண்டு. கணக்கு நோட்டு ஒரு அம்மாவிடம்தான் இருக்கிறது, அதனால்தான் கணக்கு ஒழுங்காக இருக்கிறது.

இந்த யோசனை எங்கள் மூளையில் தானாக உதித்தது என்று பீற்ற முடியாது. 2020 ஊரடங்கில் வீட்டில் கிடந்தபோது லண்டன் கிளப் ஒன்றின் கதையைத் தேடித் தேடிப் பார்த்தேன். விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான். அங்கே ஒரு ஃபுட்பால் கிளப்பும் இருந்தது, 1988இல் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்து இங்கிலாந்து கிளப்புகளின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையே வாங்கியது, கோல்கீப்பர் டேவ் பெசன்ட் அன்றைக்கு ஒரு பெனால்டியைத் தட்டிவிட்டார், வெம்பிளியில் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அவர்கள் மைதானம் இருந்த இடம் ப்ளவ் லேன், கலப்பைச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 1912இல் இருந்து அங்கேதான். ஸ்டேடியங்களில் எல்லோருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்ற விதி வந்தபோது, பழைய மைதானத்தை மாற்றிக் கட்ட முடியாது என்று 1991இல் வேறு ஒரு கிளப்பின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனார்கள். வாடகைக்குப் போனவன் திரும்புவது கஷ்டம். 2002இல் கிளப்பையே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். நம்ம டீமைத் தூக்கி நாகர்கோவிலைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்த மாதிரி.

ரசிகர்கள் பின்னாலேயே போகவில்லை. அதே வருஷம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஒன்றை ஆரம்பித்து, ஊர்ப் பொது வெளியில் ஆள் தேர்வு வைத்தார்கள், 230 பேர் வந்தார்கள். ஒன்பதாவது டிவிஷனில் தொடங்கி 2011இல் நாலாவதுக்கு வந்துவிட்டார்கள், இடையில் 78 லீக் ஆட்டம் தொடர்ந்து தோற்காமல். ஆனால் ஆடியது பக்கத்து கிங்ஸ்டனில். அந்த மைதானத்தை வாங்கி வைத்திருந்து, பிறகு செல்சி கிளப்புக்கு விற்று, ரசிகர்களிடமே கடன் பத்திரம் போட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்குத் திரும்பினார்கள். அதே இடம் இல்லை, அது அடுக்குமாடி ஆகிவிட்டது. கூப்பிடு தூரத்தில் நாய்ப் பந்தயம் நடந்த இடம். முதல் ஆட்டம் டான்காஸ்டரோடு, 2-2. கொரோனா என்பதால் பார்க்க ஆளே கிடையாது. 29 வருஷம் காத்திருந்து, காசு போட்டுக் கட்டி, முதல் நாள் டிவியில் பார்த்திருக்கிறார்கள். அதை அப்போது கதையாகத்தான் படித்தேன். ஜேசிபி வந்த அன்றைக்கு ராத்திரி மறுபடி நினைவுக்கு வந்தது.

இப்போது டர்ஃப் கணக்குக்கு வருகிறேன், என் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. 43 பேர், 200 ரூபாய், மாதம் 8,600. புதன்தோறும் ஒன்பதில் இருந்து பதினொன்று, இரண்டு மணி நேரம். பழைய வாடிக்கை என்று அண்ணாச்சி எங்களுக்கு மணிக்கு 900 போடுகிறார். நாலு புதன் என்றால் 7,200, மிச்சம் 1,400, அதில் பந்து, முதலுதவிப் பெட்டி, யாராவது ஒருத்தனுக்கு பஸ் காசு. ஐந்து புதன் வருகிற மாதம் 400 ரூபாய் துண்டு விழும், டீக்கடை அண்ணாச்சி கடனாகப் போடுவார். மைதானம் வாங்க, சுத்தம் செய்ய என்று சேர்க்க நினைத்த பணம் முழுக்க இந்தப் பச்சை வலைக்குள் போகிறது. மாதம் பிறந்தால் வீட்டு வாடகை கொடுக்கிறவனுக்கு இது புதுசு இல்லை.

இன்னொன்று, காசு கொடுக்கிற 43 பேருக்கு இங்கே உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி ஆறு. அதிலும் இரண்டில் அடுத்த ஸ்லாட் பையன்களின் பை இருக்கும். பொட்டலில் மதகுச் சுவர் இருந்தது, அதில் வரிசையாகக் கிழவர்கள் உட்கார்ந்து, எவன் தப்பாகப் பாஸ் கொடுத்தாலும் அவன் தாத்தா பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்க்கிற வாண்டுகள்தான் நாலு வருஷம் கழித்து உள்ளே வந்து ஆடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழு கிலோமீட்டர் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மூன்று வருஷத்தில் தெருவில் இருந்து புதுசாக வந்த பையன் இரண்டே பேர்.

ஆட்டமும் மாறிவிட்டது. முழு மைதானத்துக்குள் இந்த டர்ஃபைப் பன்னிரண்டு தடவை விரித்துப் போடலாம். இங்கே காலில் பந்து ஒட்டும், சின்னச் சின்ன பாஸ் பிரமாதமாகப் போகும், ரீல்ஸ் நன்றாக வரும். போன வருஷம் காயல்பட்டினம் பக்கம் பதினோரு பேர் ஆட்டத்துக்குப் போய் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். பின்வரிசையில் ஆடுகிற எங்கள் பேக் ஒருத்தன் நாற்பது கெஜம் தூக்கி அடிக்க வேண்டிய பந்தைத் தட்டித் தட்டிப் பக்கத்திலேயே கொடுத்துக்கொண்டிருந்தான். "தூக்கி அடிலே" என்று கத்தினால், "மேல வலை இருக்குன்னு நெனச்சுட்டேன் அண்ணே" என்கிறான்.

சின்னப் பையன்கள் சிலருக்குப் பொட்டலுக்குத் திரும்புகிற ஆசையே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். லைட், புல், முள் இல்லாத தரை, இதை விட்டு எதற்கு அண்ணே புழுதிக்கு என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த டர்ஃபும் முங்கியது. தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குருணை எல்லாம் அடித்துக்கொண்டு போய், புல்லுக்கு மேல் அரை அடி சேறு. அண்ணாச்சி எங்களிடம் வாங்கிய முன்பணத்தை, கேட்காமலேயே அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார். நாங்கள் பத்துப் பேர் போய் சேறு அள்ளினோம். அடுத்த செப்டம்பரில் லண்டனில் வான்டில் ஆறு கரை மீறி ப்ளவ் லேன் மைதானத்தில் ஒரு மூலை உள்ளே இறங்கிவிட்டது, நியூகாசிலோடு இருந்த கோப்பை ஆட்டத்தை நியூகாசில் ஊருக்கே மாற்ற வேண்டி வந்தது. அந்தப் பள்ளத்தின் படத்தைக் குரூப்பில் போட்டேன். அண்ணாச்சிக்கும் அனுப்பினேன். "நம்மளுது பரவால்ல தம்பி" என்று பதில் வந்தது.

நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. குளத்துக்குத் தெற்கே, குளத்துப் புறம்போக்கில் சேராமல் (அதை யாரும் தொட முடியாது, தொடவும் கூடாது) தனி சர்வே நம்பரில் ஒன்றரை ஏக்கர் போல அரசு நிலம், முழுக்க சீமைக்கருவேலம். நாங்களே கயிறு பிடித்து அளந்தோம், 90 மீட்டருக்கு 60 மீட்டர் வருகிறது, பெரிய ஆட்டத்துக்கு நீளம் 90க்குக் குறையக் கூடாது, சரியாக உட்காருகிறது. ஊர் விளையாட்டு மைதானமாக ஒதுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். தலைமையாசிரியர் எழுதிய மனு, ஒரு எழுத்துப்பிழை கிடையாது. சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கருவேலம் வெட்டி, வேர் பிடுங்கி, தரை நிரவ ஆகும் செலவுக்குத்தான் மறுபடி அந்த 1,400க்கு வந்து நிற்கிறோம். பழைய இரும்பு கோல்போஸ்ட் இரண்டும் டீக்கடைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் ரெட் ஆக்சைடு அடிக்கிறோம், மற்ற நாளில் டீக்கடை அக்கா அதில் சேலை காயப்போடுகிறார்.

போன வாரம் இதை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது, மைதானம் கிடைத்தால் ஸ்லாட்டை விட்டுவிடுவோம் என்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "புதன்கிழமைக்கு கிரிக்கெட்டுக்காரன் வந்துருவான், அது பிரச்சனை இல்ல. நீங்க போம்போது சொல்லுங்க, வெள்ளத்துல நனைஞ்ச லைட்டு நாலு பின்னால கெடக்கு, சரி பண்ணுனா எரியும், எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஆக, நாலு ஸ்டார். அரை ஸ்டார் பிப்புக்கு, அரை ஸ்டார் கடைசி ஓவருக்கு. ஐந்து ஐந்தாக ஆடுகிற நண்பர்கள் கூட்டம் என்றால் தாராளமாகப் போங்கள், ஸ்டட் ஷூ உள்ளே விட மாட்டார்கள், முன்பணம் 300 ஜிபேயில் போட்டால்தான் ஸ்லாட் உறுதி. புதன் ஒன்பது மணி மட்டும் கேட்காதீர்கள், இப்போதைக்கு அது எங்களுடையது.