பழைய மீன்பிடி படகின் டிரான்சமும் தளமும்: பிளைவுட்டா, ஃபோம் பலகையா, ஊற்றும் கலவையா?

அவுட்போர்டு எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் தொங்குகிற பின்பலகையும், அதாவது டிரான்சமும், கூடவே அசைந்தால் உள்ளே இருக்கும் மரம் போய்விட்டது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் உட்பக்கம், வடிகால் துளைக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு துளை போடுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் நிம்மதி. நான் கடைசியாகப் போட்ட துளையில் கறுத்த கூழ் வந்தது, அதன் பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்து மறுநாள் காலை வரை நிற்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்த ஃபைபர் படகு அது.

சரி, அந்த மரத்துக்குப் பதிலாக எதை வைப்பது?

டிரான்சத்துக்கு என் கை போவது மரைன் பிளைவுட் பக்கம்தான். 18 மி.மீ. பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வரும், பல சின்னப் படகுகளில் இருந்த பழைய கனமும் அதுதான். எஞ்சின் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது, திருகும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மரைன் என்ற பெயரை நம்பி அழுகாது என்று நினைத்துவிடாதீர்கள். பசை தண்ணீரைத் தாங்கும், அடுக்குகளுக்குள் வெற்றிடம் இருக்காது, அவ்வளவுதான். தண்ணீர் தங்கினால் அதுவும் அழுகும்.

கண்ணாடியிழை கலந்த பாலியூரித்தேன் ஃபோம் பலகை அழுகவே அழுகாது, எடையும் குறைவு. டிரான்சத்துக்கு கன அடிக்கு 26 பவுண்டு போன்ற அடர்த்தியான ரகம் வேண்டும், லேசான ரகம் போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கும். திருகுப் பிடிப்பில் மட்டும் பிளைவுட்டுக்கு ஈடாகாது.

ஊற்றும் கலவை, அதாவது ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் பிசின் கலவை, பார்க்கச் சுலபமாகத் தெரியும். மேலிருந்தே பழைய மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தை இருபுறமும் மூடியிருந்த ஃபைபர் தோல்கள் இரண்டும் வெளியே உப்பாதபடி பலகை வைத்துக் கட்டி, நடுவில் ஊற்றுவது. ஆனால் அடி மூலையில் ஈர மரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கலவை பிடிக்காது, அந்த மூலையோ கண்ணுக்கே தெரியாது. தளம், அதாவது படகுக்குள் நாம் நிற்கும் தரை, நன்றாக இருந்து டிரான்சம் மட்டும் கெட்டிருந்தால் யோசிக்கலாம். தளத்தையும் பெயர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் உட்பக்கத் தோலை அறுத்து, கண்ணால் பார்த்தே வேலை செய்யுங்கள். வெளிப்பக்கம் அறுத்தால் தளத்தைத் தொட வேண்டியதில்லை, ஆனால் அப்புறம் அதைத் தேய்த்துச் சமமாக்கி நிறம் சேர்ப்பது தனிப் பாடு.

கண்ணாடியிழைத் துணியை ஊற வைத்து ஒட்டும் பிசினான ரெசினில் எபாக்ஸிதான் பழைய ஃபைபர்மேல் உறுதியாக ஒட்டும். அதோடு சாதாரண சாப்ட் மேட்டை, அதாவது வெட்டிய கண்ணாடியிழைத் துண்டுகளை ஒட்டிச் செய்த விரிப்பை, போடாதீர்கள். அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பைண்டர் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். இரண்டு திசையில் இழை ஓடும், தைத்த பையாக்சியல் துணி வாங்குங்கள். கடைசியில் மேலே நிறப் பூச்சாக ஜெல்கோட்தான் வேண்டும் என்றால் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் பக்கம் போவது நல்லது, எபாக்ஸிமேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது.

தளத்தில் என் கணக்கு மாறுகிறது. அங்கே தண்ணீர் எப்போதும் கிடக்கும், போல்ட் அழுத்தம் கிடையாது, அதனால் கையில் காசிருந்தால் ஃபோம் பலகையை அங்கே போடுங்கள். இருக்கை வரும் இடத்தில் மட்டும் பிளைவுட் துண்டு பதித்துக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் இருந்த மிதவை ஃபோமில் ஒரு துண்டை வெட்டிப் பிழிந்து பாருங்கள், நீர் வழிந்தால் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டும். ஒரு கன அடி ஃபோம் முழுக்க ஊறினால் 28 கிலோ வரை தண்ணீரைச் சுமக்கும். எடுத்த அளவுக்குப் புது ஃபோம் திரும்பப் போக வேண்டும், படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பது அதுதான்.

தளம், அதற்கு அடியில் படகின் நீளத்துக்கு ஓடும் நீளக் கட்டைகள், டிரான்சம் மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், படகின் உடல் முறுக்கிக்கொள்ளும். எந்தப் பலகை போட்டாலும் போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையுங்கள். முதல் டிரான்சத்தை அழுக வைத்தது பெரும்பாலும் அந்தத் துளைகள்தான். தளத்தை மூடும் முன் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அது எந்தக் கட்டைக்குப் பின்னாலும் தேங்காமல் வடிகால் துளைக்கு வந்து சேர்ந்த பிறகு மூடுங்கள்.