பழைய படம் சீர்செய்ய ஒரு கிள்ளான் கடை: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்

மலேசியாவில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மாடியில் இருக்கிறது இந்தப் படக்கடை. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், இறந்தவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது, பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். பாட்டி 97 வயதில் போனபோது கடைசி இரண்டு வேலையையும் இவர்களிடம்தான் கொடுத்தேன். படத்துக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். மலருக்கு இரண்டே அதிகம்.

பாட்டியின் இளவயதுப் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றுதான். 1944-இல் ரங்கூனில் எடுத்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படைச் சீருடை, ஒட்ட வெட்டிய முடி, சாய்த்து வைத்த தொப்பி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி அப்பாவோடு வந்து இறங்கிய பிள்ளை, பத்து வயதுக்குள் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வடியும் மங்கு துடைக்கப் போனவர். 1943 அக்டோபரில் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் கேப்டன் லட்சுமி தலைமையில் முகாம் திறந்தபோது பாட்டிக்கு 17 வயது. உடன் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போல மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் நாட்டுப்பற்று பற்றியெல்லாம் பேச மாட்டார். "கங்காணி திட்டுறதுக்கு ஹவில்தார் திட்டுறது மரியாதையா இருந்துச்சு" என்பார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு அந்தப் படம் பல வருஷம் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தனிச் சட்டம் கிடைத்தது. நம் ஊர் ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போனது. ஓரமெல்லாம் வெள்ளி ஏறி நீலமாக மினுங்கியது, காலர் மேல் பூஞ்சைப் புள்ளிகள்.

கடையில் இருந்த பெரியவர் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரிச்சா மூஞ்சி கண்ணாடியோட வந்துடும்மா, தொடவேண்டாம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் காசு கொடுக்கலாம். கண்ணாடியோடு அப்படியே படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் எடுத்தார். பளபளப்பு ஒரு துளிகூட விழவில்லை.

அப்புறம் கணினியில் இருந்த தம்பி, "அக்கா, ஏஐ கலர் போட்டா சூப்பரா வரும், இலவசம்" என்று தானாகவே போட்டுக் காட்டினான். வந்தது வேறு யாரோ. காக்கிச் சட்டை இளநீலமாகிப் பாட்டி ஆஸ்பத்திரித் தாதி ஆகிவிட்டார். உதட்டில் ரோஸ். நல்ல கறுப்பான மனுஷி, மாநிறத்துக்கு ஏறிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, இடது புருவத்தைப் பிளந்துகொண்டு போகும் தழும்பைக் காணோம். சின்ன வயதில் பால்வெட்டும் கத்தி பட்டது அது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் அவர் மடியில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்த தழும்பு. இயந்திரத்துக்கு அது கீறலாகத் தெரிந்திருக்கிறது.

வேண்டாம் என்றதும் பெரியவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். முகத்தைத் தொடாமல் பூஞ்சைப் புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, கணினிப் பேனாவால் எடுத்தார். கறுப்பு வெள்ளையிலேயே, பளபளப்பில்லாத தாளில் அடித்துக் கொடுத்தார். தொப்பியின் மடிப்புகூடத் தெரிகிறது. சட்டத்தோடு 180 வெள்ளி (ரிங்கிட்). மூலக் கோப்பையும் கேட்காமலே பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள்.

நினைவு மலர் கதை வேறு. நான் யூனிகோடில் அனுப்பியதை ஏதோ பழைய மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதைத் திருத்தினார்கள், சரி. ஆனால் இந்திய தேசிய ராணுவம் என்று எழுதியதில் "தேசிய" நீளமாக இருக்கிறதென்று எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரனின் எந்தப் படையை எதிர்த்துப் போனாரோ அதிலேயே பாட்டியைச் சேர்த்தாயிற்று! அதையும் திருத்தச் சொன்னேன், செய்தார்கள். அச்சாகி வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பாட்டியின் அண்ணனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போனதும், அவர் திரும்பாததும், அதே பாதையில் ரயிலேறிப் பாட்டி பர்மா போனதும் ஒரு பத்தி. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு, பகலில் விமானத்துக்குப் பதுங்கி, இரவில் நடந்து பாங்காக் நோக்கிப் போனது அடுத்த பத்தி. முதல் பத்தியைக் காணோம். அந்த இடத்தில் ரோஜாப்பூ. கேட்டால், "பக்கம் அழகா இருக்கணும்ல" என்கிறார்கள். 200 பிரதி, 600 வெள்ளி. விடுபட்ட பத்தியைத் தனித் தாளில் அடித்து, வந்தவர்களுக்கு மலரோடு செருகிக் கொடுத்தோம். அந்தத் தாளுக்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போவில் இருக்கும் அத்தை இன்னொரு படம் கேட்கிறார். அதற்கு இங்கேதான் போவேன். நீங்கள் போவதானால் ஏஐ வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மலர் அடிக்க வேறு அச்சகம் பாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியவர் இருக்கமாட்டார், தம்பி மட்டும்தான். அன்றைக்குப் போகாதீர்கள்.