படம் தெரியவில்லையா? "ஃபைல் கரப்ட்" என்று சொல்லும் கடையில் பணம் கொடுக்காதீர்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. ஸ்டூடியோக்காரர் வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்தார். வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, படம் மட்டும் வரவில்லை. நான் வெளியூரில் இருந்ததால் அம்மா பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சும்மா. ரெக்கவரி பண்ணி, கோடெக் லைசென்ஸும் போடணும்" என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில் கிடையாது.

சொன்ன இரண்டுமே பொய்.

எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கி, மீண்டும் பிரித்துக் காட்டும் முறைதான் கோடெக்; அது எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம். 4கே வீடியோக்கள் பெரும்பாலும் எச்.265-இல் வருகின்றன; ஹெச்இவிசி என்பதும் அதுதான். அதன் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன, உரிமத்தொகை வசூலிக்கும் கூட்டமைப்புகளே ஒன்றுக்கு மேல். அதனால் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அதைப் பிரித்துக் காட்டும் டிகோடர் இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அது 0.99 டாலருக்குத் தனியாக விற்கப்படுகிறது. ஒலி வேறு கோடெக்கில் இருப்பதால் அது மட்டும் கேட்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் டிவிடி பார்க்கும் வசதி காணாமல்போனதும் இதே உரிமச் செலவால்தான்.

விஎல்சி என்ற வீடியோ பிளேயர் அப்படியில்லை. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம் அது. 2001 முதல் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. விண்டோஸில் என்ன கோடெக் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற ஓப்பன் சோர்ஸ் வீடியோ மென்பொருள் திட்டத்தின் டிகோடர்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எம்பிவி பிளேயரும் அப்படித்தான். இரண்டுமே இலவசம்.

கடையில் என்னதான் செய்தார்கள் என்று, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பார்த்தேன். 4கே படம் தெளிவு குறைந்த 720பி ஆகச் சுருங்கியிருந்தது. உருவாக்கிய மென்பொருள் என்ற இடத்தில் ஹேண்ட்பிரேக் பெயர்! அது வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதில் மாற்றியதற்குத்தான் "ரெக்கவரி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூல ஃபைலைப் பென்டிரைவிலிருந்து அழித்தும்விட்டார்கள். ஸ்டூடியோவில் பிரதி இருந்ததால் பிழைத்தோம். "லைசென்ஸ்" என்றது எங்கிருந்தோ இறக்கிய ஒரு கோடெக் பேக், அதாவது பல கோடெக்குகளின் மூட்டை. அது வந்த பிறகு பிரவுசரின் தேடல் பக்கம் மாறியிருந்தது, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அணைந்திருந்தது. லேப்டாப்பை ஃபார்மட் செய்ய வேண்டியதாயிற்று.

கோடெக் என்ற பெயரில் வைரஸை நுழைப்பது பழைய வேலை. 2000-களின் நடுவிலேயே ஸ்லாப் என்ற ட்ரோஜன் "வீடியோ பார்க்க இது தேவை" என்று சொல்லித்தான் பரவியது. விஎல்சியையும் வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். 2022-இல் பல மாதங்கள் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில்தான் தடை நீங்கியது. இப்போது வேறு தளத்தை நாட அவசியமே இல்லை.

படம் வராத ஃபைலை முதலில் விஎல்சியில் போடுங்கள். படம் வந்தால் கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எந்தக் கோடெக் என்று காட்டும். படம் திக்கித் திக்கி ஓடினாலும் ஃபைல் கெட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். பழைய லேப்டாப்களில் 10 பிட் எச்.265-ஐப் பிரிக்கும் வசதி கிராஃபிக்ஸ் சிப்பில் இருக்காது, முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழும். லினக்ஸிலும் சிக்கல் வரலாம்: லினக்ஸின் ஒரு வகையான ஃபெடோரா 2022-இல் காப்புரிமைக்கு அஞ்சி எச்.264, எச்.265 வன்பொருள் டிகோடிங்கை (கிராஃபிக்ஸ் சிப்பே படத்தைப் பிரிக்கும் வசதியை) நீக்கியது. அங்கும் குறை ஃபைலில் இல்லை. அப்படியும் கடைக்குப் போக வேண்டியிருந்தால் பிரதியை மட்டும் கொடுங்கள், மூல ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்திருக்கிறேன். பில் இல்லாததால் அம்மா பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும், இரண்டு ஃபைல்களின் மீடியாஇன்ஃபோ விவரங்களையும் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறேன்.