ஸ்காட்லாந்து மண்ணில் விசுவாசமும் காதலும்: நான்கு எழுத்தாளர்கள், ஓர் அலசல்

ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்ட கிறிஸ்தவக் காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அட்டையைப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாவற்றிலும் ஒரு கோட்டை, மூடுபனி, கட்டம் போட்ட சால்வை. உள்ளேயும் விதிகள் ஒன்றுதான்: படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும், கெட்ட வார்த்தை இருக்காது, முடிவுக்குள் யாராவது ஒருவர் ஆண்டவரிடம் திரும்பியிருப்பார். அதனால் நான் இரண்டே கேள்விகளை வைத்துத்தான் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறேன். கதையிலிருந்து விசுவாசத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? ஸ்காட்லாந்தை எடுத்துவிட்டால் நிற்குமா? இரண்டில் எதை எடுத்தாலும் கதை சரிந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட நாவல்தான் என் கணக்கில் தேறுகிறது.

இந்த இரண்டு சோதனையிலும் முதலில் வருபவர் லிஸ் கர்ட்டிஸ் ஹிக்ஸ். 2003இல் வந்த 'தார்ன் இன் மை ஹார்ட்', அடுத்த ஆண்டு 'ஃபேர் இஸ் த ரோஸ்', 2005இல் 'வென்ஸ் கேம் எ பிரின்ஸ்' என்று மூன்று பாகம். வேதாகமத்தின் ஆதியாகமத்தில் வரும் யாக்கோபு, லேயாள், ராகேல் கதையை அப்படியே 1788இன் காலோவே என்ற தென்மேற்கு ஸ்காட்லாந்துப் பகுதிக்குக் கொண்டுபோகிறார். தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்ட ஜேமி மெக்கீ, தாய்மாமன் லாக்லன் மெக்பிரைடின் பண்ணைக்கு ஓடிவருகிறான். மாமனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் லியானாவுக்குப் பார்வை மங்கல், இளையவள் ரோஸ் அழகி. மீதி நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஹிக்ஸ் அதை யாருடைய பக்கம் நின்று சொல்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம். வேதாகமத்தில் லேயாளின் மனசு பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதுதான் வெளியே தெரியும். இங்கே அவள்தான் கதையின் நடுவில் நிற்கிறாள்.

இளையவளைக் கேட்டவனுக்கு மூத்தவளைக் கட்டிவைத்த, யாக்கோபுக்கு நேர்ந்த ஆள்மாறாட்டத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நம்பும்படி எழுதுவது லேசான காரியம் இல்லை. ஸ்காட்லாந்து என்பதால்தான் அது முடிந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் தம்பதியாக இருக்கச் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும். போதகர்கூடத் தேவையில்லை. 1753இல் இங்கிலாந்து சட்டத்தை இறுக்கியதும் அங்கிருந்த காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஸ்காட்லாந்துக் கிராமத்துக்கு ஓடியது இதனால்தான். 1940 வரை இந்த வழக்கம் சட்டப்படி நீடித்தது. இன்னொரு பக்கம், ஊர்ச் சபையின் போதகரும் மூப்பர்களும் கூடும் சபை மன்றத்துக்கு வீட்டுக்குள் நுழைந்து விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. யார் யாருடைய மனைவி என்பதை அந்த மன்றத்தின் பதிவேடு தீர்மானிக்கும். லியானாவின் வாழ்க்கை புரள்வது அந்தப் பதிவேட்டில்தான்.

இரண்டாம் பாகத்தில் அவள் மனந்திரும்புதல் முக்காலியில் உட்காரும் இடத்துக்கு வாருங்கள். தவறியவர்கள் என்று சபை தீர்ப்பளித்தவர்களை ஆராதனை நேரத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் உயரமான இருக்கையில் உட்காரவைப்பார்கள். போதகர் பெயர் சொல்லிக் கண்டிப்பார். இது கற்பனைத் தண்டனை இல்லை. ஸ்காட்லாந்தின் பெருங்கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே, காதலி ஜீன் ஆர்மர் கர்ப்பமான விவகாரத்தில் 1786இல் மாக்லின் ஆலயத்தில் சபை முன்னால் கண்டிப்பு வாங்கியவர். இரண்டு வருஷம் கழித்து, நாவல் தொடங்கும் அதே 1788இல், டம்ஃப்ரீஸ் அருகே எல்லிஸ்லாந்து பண்ணைக்கு அவர் குடிவந்தார். லியானாவின் ஊரும் அந்த வட்டாரம்தான். சபை அவளை அவமானப்படுத்துகிறது, ஆனால் அவள் ஆண்டவரை அந்த இடத்தில்தான் நெருங்குகிறாள். சபையும் ஆண்டவரும் ஒன்றல்ல என்பதை ஒரு பிரசங்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார் ஹிக்ஸ். இந்த வகை நாவல்களில் இதைவிடத் துணிச்சலான பகுதியை நான் படித்ததில்லை.

குறை இல்லையா? உண்டு. ஜேமி நெடுநேரம் ஊசலாடுகிறான். இவனுக்காகவா இரண்டு பெண்கள் இப்படி உருகுகிறார்கள் என்று எரிச்சல் வரும். மூன்று பாகத்தையும் தொடர்ந்து படிக்கப் பொறுமை வேண்டும்.

அவரே பிறகு எழுதிய 'ஹியர் பர்ன்ஸ் மை கேண்டில்', 'மைன் இஸ் த நைட்' இரண்டும் வேதாகமத்தின் ரூத் கதை: கணவன் இறந்தபின்னும் மாமியாரை விட்டுப் பிரியாத மருமகளின் கதை. 1745இல், தாத்தா இழந்த அரியணையை மீட்கப் படையோடு வந்த இளவரசர் சார்லஸ் எடின்பரோவுக்குள் நுழைந்தபோது தொடங்கி செல்கிர்க் ஊரில் முடிகிறது. மாமியார் மார்ஜரி கெர் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். செல்வம், மகன்கள், அந்தஸ்து எல்லாம் போனபிறகு மருமகளின் தையல் வேலையை நம்பிப் பிழைக்கும்போது அவள் கொஞ்சங்கொஞ்சமாக இளகுவது அருமை. ஆனால் ரூத் வேறு தெய்வத்தை வணங்கிய மோவாப் நாட்டுப் பெண் என்பதற்கு ஈடாக, மலைநாட்டு (ஹைலேண்ட்ஸ்) மருமகளை நிலாவை வணங்குபவளாக்கியது எனக்கு ஒட்டவில்லை. அன்றைய மலைநாட்டில் பிஷப்புகளை ஏற்கும் எபிஸ்கோபல் சபையாரும் கத்தோலிக்கரும், பிஷப் இல்லாமல் மூப்பர்களை வைத்துச் சபை நடத்தும் பிரெஸ்பிடேரியன்களும் இருந்தார்கள். அந்தப் பிரிவுகளே போதுமான வேலி.

அந்த வேலியைச் சரியாகப் பயன்படுத்தியவர் லாரா ஃப்ரான்ட்ஸ். 2023இல் வந்த 'த ரோஸ் அண்ட் த திஸில்' அதே அரச குடும்பத்தைத் திரும்ப அரியணையேற்ற எழுந்த 1715 கலகத்தை எடுத்துக்கொள்கிறது. நாயகி பிளைத் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிரபுவின் மகள். அடைக்கலம் தேடி வருவதோ எல்லைக்கு ஸ்காட்லாந்துப் பக்கம், பிரெஸ்பிடேரியன் வீடான வெடர்பர்ன் கோட்டைக்கு. இளவரசர் சார்லஸின் தாத்தா, மன்னர் ஏழாம் ஜேம்ஸ், 1688இல் அரியணை இழந்ததற்கு அவர் கத்தோலிக்கர் என்பது முக்கியக் காரணம். ஆகவே அவர் வம்சத்துக்காகப் போராடிய ஜாகோபைட்களின் பிரச்சினையை எழுதும் யாரும் மதத்தைத் தனியாக நுழைக்க வேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கிறது. வீட்டு அறைகள், உடைகள், சாப்பாடு, கடிதப் போக்குவரத்து என்று அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்துவதில் இவர் ஹிக்ஸைவிட ஒரு படி மேல். ஆனால் மனசாட்சியின் போராட்டத்தில் அவ்வளவு ஆழம் போவதில்லை. எவரார்ட் ஹியூம் நல்லவன், நேர்மையானவன், அதிகம் தடுமாறாதவன். ஜேமியோடு பட்ட எரிச்சலுக்கு இவன் ஆறுதல், ஆனால் புத்தகத்தை மூடியபின் மனதில் நிற்பது லியானாதான்.

கார்லா லாரியானோவின் 'ஃபைவ் டேஸ் இன் ஸ்கை' இன்றைய காலக் கதை. சமையல் கலைஞராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் மெக்டொனால்ட், தொழில் ஆலோசகர் ஆண்ட்ரியா, ஸ்கை தீவில் ஒரு ஹோட்டல். 2014இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருது பெற்றது. உரையாடல் சுறுசுறுப்பு, ஆண்ட்ரியாவின் பழைய காயம் நம்பும்படி இருக்கிறது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். என் இரண்டாவது கேள்வியில்தான் தடுக்குகிறது. ஸ்கை தீவில் ஓய்வுநாள் ஆசரிப்பு எத்தனை தீவிரமாக இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 1965இல் ஞாயிறு படகுப் போக்குவரத்து தொடங்கியபோது, ஃப்ரீ சர்ச் என்ற கண்டிப்பான சபையின் போதகர் ஒருவர் படகுத்துறையில் வாகனங்களை மறித்துப் படுத்துக் கைதானார். அப்படிப்பட்ட மண்ணின் விசுவாசம் இந்தக் கதைக்குள் பெரிதாக இறங்கவில்லை. தீவு அழகாக இருக்கிறது, அவ்வளவே.

கடைசியாக ஜார்ஜ் மெக்டொனால்ட். இவரைக் காதல் நாவலாசிரியர் என்று சொல்வதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம், எனக்கு இல்லை. ஹன்ட்லியில் 1824இல் பிறந்து, போதகராக இருந்து, போதனை சபையாருக்குப் பிடிக்காமல் போய் 1853இல் பதவியை விட்டவர். தேவனுடைய அன்புக்கு எல்லை கட்டும் கடுமையான கால்வினியப் போதனையை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கே 'மால்கம்' (1875), அதன் தொடர்ச்சி 'த மார்க்விஸ் ஆஃப் லாஸி' (1877) இரண்டிலும் ஓடுகிறது. மீனவ இளைஞன் மால்கமை வளர்த்தவர் டங்கன் என்ற பார்வையற்ற பைப் இசைக்காரர். கேம்பல் ஒருவரின் தலைமையில் வந்த படை நடத்திய 1692 கிளென்கோ படுகொலையால் கேம்பல் குலத்தார் என்றாலே அவருக்கு ஆகாது. தான் உயிராக வளர்த்த பையனின் தாய் கேம்பல் என்று தெரியவரும்போது அந்தக் கிழவர் நிற்கும் நிலை இருக்கிறதே, மன்னிப்பைப் பற்றி மற்ற மூவரும் எழுதிய எல்லாப் பக்கங்களையும்விடக் கனமானது.

சிக்கல், மூலத்தில் மீனவர்கள் பேசுவது வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பேச்சுவழக்கு. நடுநடுவே நீண்ட பிரசங்கங்களும் உண்டு. 1980களில் மைக்கேல் பிலிப்ஸ் இவற்றைச் சுருக்கி, பேச்சை எளிய ஆங்கிலமாக்கி, 'த ஃபிஷர்மேன்ஸ் லேடி', 'த மார்க்விஸ் சீக்ரெட்' என்று வெளியிட்டார். கதை ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் டங்கனின் பேச்சு போனால் டங்கனில் பாதி போய்விடுகிறது. மூலம், பழைய நூல்களைத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் சில அத்தியாயங்களை வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகிவிடும். அப்படியும் ஓடவில்லை என்றால் பிலிப்ஸ் பதிப்பில் கதையை முடித்துவிட்டு, டங்கன் வரும் பக்கங்களை மட்டும் மூலத்தில் தேடிப் படிக்கலாம்.