காரைக்குடியில் ஒரு மாலை நேரக் கணினி அடிப்படை வகுப்பு: படித்து முடித்தவரின் மதிப்புரை

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சிறிய கணினிப் பயிற்சி மையத்தில், பெரியவர்களுக்கென்று மாலை நேரத்தில் ஒரு மாத அடிப்படை வகுப்பு நடத்துகிறார்கள். கானாடுகாத்தானில் சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் என்று பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு தொழிலில் கணக்குப் பார்க்கும் நான், அந்த வகுப்பில் சேர்ந்து முழுதும் படித்து முடித்தேன். கட்டணம் 2,000 ரூபாய். கணினியில் என்னென்ன செய்யலாம் என்று கற்றுத்தரும் இடங்கள் நம் பக்கத்தில் ஏராளமாக இருக்கின்றன. அது எதைச் செய்யாது, எந்த இடத்தில் தவறும், ஏன் தவறும் என்பதையும் அதே அக்கறையோடு கற்றுத்தந்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் என்பதால், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் விசைப்பலகையைத் தொடவிடவில்லை. ஒரு பழைய கணினியின் பெட்டியைத் திருகுகளைக் கழற்றித் திறந்து, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், மின்சாரப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு வேறொரு கணினியில் நான்கு வரிகளைத் தட்டச்சு செய்து, சேமிக்காமலேயே மின்சாரத்தை நிறுத்தினார் ஆசிரியர். மீண்டும் இயக்கியபோது, முன்பே சேமித்து வைத்திருந்த கடிதம் அப்படியே இருந்தது. புதிதாக எழுதிய நான்கு வரிகளைக் காணவில்லை. ராம் என்பது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும், டிஸ்க் மின்சாரம் போன பிறகும் வைத்திருக்கும் என்ற வேறுபாட்டை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாலும், அது மனத்தில் பதிந்தது அன்றைக்குத்தான்.

பிராசசர் செய்யும் வேலையை அவர் விளக்கிய முறையும் நன்றாக இருந்தது. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுப்பது, இன்னொன்றோடு கூட்டுவது, இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒப்பீட்டின் முடிவைப் பொறுத்து அடுத்த கட்டளை எது என்று தேர்ந்தெடுப்பது, விடையைத் திரும்ப நினைவகத்தில் வைப்பது ஆகிய மிகச் சிறிய வேலைகள்தான் அதற்குத் தெரியும். 3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தால், நொடிக்கு 300 கோடி துடிப்புகள் என்று பொருள். எழுத்து, படம், பாட்டு, வங்கிக் கணக்கு என்று எதைக் கொடுத்தாலும் உள்ளே அது எண்ணாக மாறி, இந்தச் சில வேலைகளின் வழியாகவே நடக்கிறது. வேகம் என்பது எவ்வளவு பெரிய துணை என்பதைக் காட்ட, எக்செல் என்ற கணக்குத்தாள் மென்பொருளின் தாள் ஒன்றில் இருக்கும் மொத்த வரிசைகளான 10,48,576-ஐ எடுத்துக்கொண்டார். அத்தனையும் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, மிஞ்சியதில் மீண்டும் நடுவில் பார்த்து, இப்படி 20 முறை பாதியாக்கினால் ஒரே வரிசைதான் மிஞ்சும். தேடுவதற்கு முன் அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். அடுக்காத பட்டியலில் இந்த வழி உதவாது.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பின்னங்களைப் பற்றியது. எங்களோடு படித்தவர்களில் ஒரு பெரியவர், தேவகோட்டையில் ஒரு வீட்டில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரேடும் ஐந்தொகையும் கையால் எழுதிப் பழகியவர். "தம்பி, அரைக்கால், வீசம், மா, முந்திரி எல்லாம் இது சரியாக வைத்துக்கொள்ளுமா?" என்று அவர் கேட்டார். ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கடந்துபோகாமல், "நல்ல கேள்வி ஐயா, போட்டே பார்த்துவிடுவோம்" என்று பலகைக்குப் போனார். கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் எழுதுகிறது. ஆகவே இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கிடைக்கும் பின்னங்கள் அதற்குத் துல்லியமாக அமையும். அரை, கால், எட்டில் ஒன்றான அரைக்கால், பதினாறில் ஒன்றான வீசம் ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இரண்டின் அடிப்படையில் வீசத்தை எழுதினால் 0.0001 என்று நான்கே இடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி ஆகியவற்றின் கீழ் எண்ணில் ஐந்து என்ற காரணி இருப்பதால், அவை இரண்டின் அடிப்படையில் முடிவதே இல்லை; 0011 என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதும்போது 0.333 என்று நீண்டுகொண்டே போவதும் இதே காரணத்தால்தான். கணினி ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

பத்தில் ஒன்றும் அப்படியே. கணினிக்குக் கட்டளை எழுதப் பயன்படும் பைத்தான் என்ற மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிக் காட்டியபோது திரையில் 0.30000000000000004 என்று வந்தது. சுழியத்திலிருந்து தொடங்கி 0.1-ஐ ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டியபோது ஒன்றுக்குப் பதிலாக 0.9999999999999999 வந்தது. கணக்கப்பிள்ளை ஐயா அதைத் தம் நோட்டில் ஒவ்வோர் இலக்கமாக எழுதிக்கொண்டார். இதனால் யாருடைய பணமும் தொலைந்துவிடாது. ஆனால் இரண்டு தொகைகள் சமமா என்று கணினியைக் கேட்கும்போது, சமமானவற்றையும் சமமில்லை என்று அது சொல்லக்கூடும். ஆகையால் பணத்தை ரூபாயும் தசமமுமாக வைக்காமல் முழுக்கப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்கிடும் முறையையும் அன்றே சொல்லிக்கொடுத்தார். வட்டிக் கணக்கு பார்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த ஊரில், இயந்திரத்தின் கணக்கு எங்கே பிசகும் என்று கேட்கும் உரிமையும் தகுதியும் நமக்கு இருக்கின்றன. அந்தக் கேள்வியை மதித்து விடை சொன்ன ஆசிரியரை மனதாரப் பாராட்டுகிறேன்.

எக்செல் பாடங்களும் இதே போக்கில் அமைந்திருந்தன. பதினாறு இலக்க எண் ஒன்றைக் கட்டத்தில் இட்டுப் பார்க்கச் சொன்னார். 1234567812345678 என்று தட்டினால் கடைசி எட்டு காணாமல் போய்ச் சுழியமாகிவிடுகிறது, ஏனெனில் அந்த மென்பொருள் பதினைந்து இலக்கங்களைத்தான் எண்ணாக வைத்துக்கொள்ளும். அட்டை எண் போன்றவற்றை எழுத்தாகக் குறித்துவிட்டுத் தட்ட வேண்டும். பழைய வீட்டுப் பத்திரங்களைப் பட்டியலிட விரும்பிய ஓர் ஆச்சி 1896-ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைக் கொடுத்தபோது, அது தேதியாகவே ஏற்கப்படவில்லை. எக்செல்லின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதிகள் அதற்கு வெறும் எழுத்துகளே. நூறாண்டு கடந்த வீடுகளும் அவற்றின் ஆவணங்களும் நிறைந்த செட்டிநாட்டில் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் இடலாம் என்று அவருக்கு வழி காட்டினார்கள்.

பெயர்களில் வந்த சிக்கல் இன்னும் கூர்மையானது. நம் பக்கத்தில் விலாசம் என்று பெயருக்கு முன்னால் இரண்டு, மூன்று, நான்கு தலைப்பெழுத்துகள் கூட வரும். 'அரு.சுப.' என்று ஓரிடத்திலும், நடுவில் இடம்விட்டு 'அரு. சுப.' என்று இன்னோரிடத்திலும் எழுதியிருந்தால், பார்க்கும் எவருக்கும் ஒரே குடும்பம் என்று புரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். தொகையைத் தனித்தனியாகக் கூட்டி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கொடுத்துவிடும். ஐயாயிரத்தை ஐம்பதாயிரமாகத் தட்டினாலும், அப்படிக் கேட்கச் சொல்லி நாம் முன்கூட்டியே விதி அமைத்திருந்தால் தவிர, அது நம்மைத் திரும்பிக் கேட்காது. எங்கள் தொழிலின் வாடிக்கையாளர் பட்டியலில் இப்படி இரட்டிப்பான பெயர்களை இப்போது நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்தைப் பற்றிய பாடம் சுருக்கமாக இருந்தாலும் பயனுள்ளது. 'செட்டிநாடு' என்பதில் நாம் காண்பது ஐந்து எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக எண் தரும் யூனிகோடு முறையில் அது பத்துக் குறிகள்; மெய்யும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். கோப்பில் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் வைத்தால் முப்பது பைட்டுகள் (பைட் என்பது கணினி நினைவை அளக்கும் சிறிய அலகு). எக்செல்லில் நீளத்தைக் கேட்டால் பத்து என்றுதான் விடை வரும். தமிழ் எழுத்துகளுக்கு வேறு குறிகளைப் பயன்படுத்திய பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் யூனிகோடில் தேடினால் ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை என்பதும் இதன் வழியாகவே விளங்கியது.

கணினியால் எக்காலத்திலும் முடியாத வேலை ஒன்று உண்டா என்று ஒருவர் கேட்டபோது, 1936-இல் ஆலன் டூரிங் நிறுவியதைச் சொன்னார்கள். எந்த நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, எந்த உள்ளீட்டோடு கொடுத்தாலும், அது ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று பிழையின்றிச் சொல்லும் ஒரு பொது நிரலை எழுத முடியாது என்பது அவருடைய நிரூபணம். வேகமான இயந்திரம் வாங்கினாலும் இந்த எல்லை நகராது. இதை ஒரு மாத அடிப்படை வகுப்பில் முழுமையாக விளக்கிவிட முடியாது, அவர்களும் முயலவில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றைக் காட்டிய வகுப்பு, ஊரில் எல்லோரும் பார்க்க வேண்டிய ஒன்று. நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், ஒன்பது கோயில்களைப் பட்டியலிடும்படி கேட்டோம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று சரியாகச் சொல்லிவந்த அது, நேமத்தை விட்டுவிட்டுக் குன்றக்குடியைச் சேர்த்து, ஒன்பது என்று எண்ணிக்கையையும் சரியாக முடித்தது. தவறான பெயரையும் சரியான பெயர்களையும் ஒரே உறுதியோடு சொன்னது. இத்தகைய செயலி, படித்த கோடிக்கணக்கான வரிகளிலிருந்து அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு வாக்கியத்தை அமைக்கிறது. எழுதிய பிறகு கோயில் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அதன் அடிப்படை அமைப்பில் இல்லை. கடிதத்தைத் திருத்தவும், நீண்ட அறிக்கையைச் சுருக்கவும் அது நன்றாக உதவியது. நமக்கு விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்டுச் சோதித்துவிட்டு, பிறகே தெரியாததைக் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்ன முறையை நான் இப்போது பின்பற்றுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அச்சிட்ட குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வகுப்பை இவ்வளவு நல்ல தமிழில் நடத்துகிறவர்கள் குறிப்பையும் தமிழில் தருவதே முறை. சில கணினிகளில் 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்தான் இருப்பதால், அவை இயங்கித் தயாராவதற்குள் வகுப்பின் முதல் பகுதி போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் சிக்கல் இது. கோப்புகளுக்கு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது பற்றிய பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். டிஸ்க் எந்த நாளும் பழுதாகலாம் என்பதால், அதை முதல் வாரத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஓடிபி கேட்டு வரும் ஏமாற்று அழைப்புகள் பற்றி அரை வகுப்புதான் ஒதுக்கினார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் மிகுந்த நம் ஊர்களுக்கு அது போதாது.

வேலைக்கான சான்றிதழ் தேடும் இளைஞர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. கடை, கோயில், அறக்கட்டளை, குடும்பம் என்று ஏதாவது ஒரு கணக்கைப் பொறுப்பாகப் பார்ப்பவர்களும், பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த கணினியைத் தாங்களே புரிந்து பயன்படுத்த விரும்பும் பெரியவர்களும் தயங்காமல் சேரலாம். மையம் மாடியில் இருப்பதையும், படிக்கட்டு செங்குத்தாக இருப்பதையும் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கவனத்தில் கொள்ள வேண்டும். சேருபவர்கள் தங்கள் நாள்வழி நோட்டு ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. கேட்டால், பாடப்புத்தகக் கணக்குக்குப் பதிலாக அந்த நோட்டின் பக்கத்தையே பயிற்சியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.