குழந்தைக்கு முதல் வீணை வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: எங்களுக்குப் போனது 38,500 ரூபாய்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 38,500 ரூபாய். எட்டு வயது மகளின் முதல் வீணைக்காகக் கொடுத்தோம். இன்று காலை வீணை பழுது பார்ப்பவர் ஒருவர் அதைத் திருப்பி, தட்டி, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இதுல கை வைக்கறதே வீண் செலவும்மா" என்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வீணை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

விற்றவரின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். எந்த மாதிரி ஆள் என்று மட்டும் சொல்கிறேன். சமூக ஊடகத்தில் ஒரு பக்கம், அதிலிருந்து சொந்த இணையதளம், பணம் முழுதும் முன்கூட்டியே, சரக்கு லாரி பார்சலில். "தஞ்சாவூர் பட்டறை", "பரம்பரைத் தொழில்", "புவிசார் குறியீடு பெற்ற வீணை" என்று எல்லாப் படத்திலும் எழுதியிருக்கும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் படத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மகள் முதலில் பாட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பயிற்சிகளை எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில் சுருதி விலகாமல் பாடுவாள். டீச்சர் வீட்டில் ஒரு வீணை உண்டு. வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகு இவள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். டீச்சரே ஒருநாள் மடியில் வைத்துக் கொடுத்தார். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. டீச்சர் எங்களிடம் மூன்று விஷயம் சொன்னார். குழந்தைக்குக் கை எட்டும் அளவில் கொஞ்சம் சின்ன வீணையாக இருக்கட்டும். நல்ல பலா மரமாக இருக்கட்டும், முடிந்தால் ஏகாந்த வீணையாக, அதாவது குடமும் (நாதம் எழும் உருண்டைப் பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) ஒரே மரத்தில் குடைந்ததாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மேளம் சுத்தமாகக் கட்டியிருக்க வேண்டும்.

வீணை பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி ஸ்வரம் எடுக்கும் குறுக்குப் பட்டைகளும், மரத்தில் அடித்து இறுக்கியவை அல்ல. கறுப்பு மெழுகைப் பரப்பி, அதன் மேல் ஒவ்வொரு மெட்டாக வைத்து, காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்த்து நிறுத்துவார்கள். இதைத்தான் மேளம் கட்டுவது என்கிறார்கள். ஒரு மெட்டு இம்மி நகர்ந்தாலும் அந்த இடத்து ஸ்வரம் கெட்டுவிடும்.

இந்த மூன்றையும் விற்பவரிடம் கேட்டோம். மூன்றுக்கும் "ஆமாம்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்த வாட்ஸப் உரையாடல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நம்பிக்கை வந்தது வீடியோ காலில். பட்டறை மாதிரி ஓர் இடம், சுவரோரம் குடங்கள் அடுக்கியிருந்தன, தரையில் மரத்தூள். வேட்டி கட்டிய ஐம்பது வயதுக்காரர் மடியில் வீணையோடு உட்கார்ந்திருந்தார். தந்தியை மீட்டினார், நாதம் அவ்வளவு அருமையாக இருந்தது. "பாப்பா எங்க? பாப்பாவைக் கூப்பிடுங்க அக்கா, வீணை அவங்களுக்குத்தானே" என்றார். மகள் வந்ததும், "கண்ணு, இதுதான் உன் வீணை, நல்லாப் பாத்துக்க" என்று வீணையின் இடது நுனியில் செதுக்கியிருக்கும் யாளி முகத்தைக் காமிரா பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பூரித்துப்போய்விட்டாள்.

அடுத்து ஒரு காரியம் செய்தார். டேப் எடுத்துக் குழந்தையின் இடது கையைத் தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்து சொல்லச் சொன்னார். என் கணவர் அளந்து சொல்லச் சொல்ல, அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "இந்தக் கைக்கு முழு அளவு சரிப்படாது அக்கா. பாப்பா முதல் மெட்டைத் தொடணும்னா தோளே நகர்ந்துடும். நான் சின்னதா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்" என்றார். டீச்சர் சொன்னதையே அவர் தானாகச் சொல்கிறார். குழந்தையின் கையை அளக்கச் சொல்கிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? விலை 38,500. பாதி இப்போது, மீதி வீணை வந்த பிறகு என்று கேட்டோம். "நாளைக்கு லாரி கிளம்புது, அடுத்த லோடு எப்போன்னு சொல்ல முடியாது, இதை வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார். அன்றிரவே 38,500 ரூபாயும் அவர்கள் இணையதளம் வழியாகப் போய்விட்டது.

வந்தது முழு அளவு வீணை. நாலடி நீளம். கால் மடக்கி உட்கார்ந்து இடது முழங்கால் மேல் சுரைக்காயை (தண்டியின் கீழே இருக்கும் சின்னக் குடம்) வைத்தால், யாளி பக்கத்து மெட்டுகளைத் தொட மகள் உடம்பையே சாய்க்க வேண்டியிருந்தது. யாளி முகமும் வேறு. வீடியோவில் பார்த்ததற்குக் காதோரம் பச்சை வண்ணம் இருந்தது, இதற்குச் சிவப்பு. படம் பிடித்து வைத்திருந்ததால் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், சந்தேகமே இல்லை. எங்களுக்குக் காட்டியது ஒரு வீணை, அனுப்பியது இன்னொன்று.

உடனே போன் செய்தேன். "மாறிப் போச்சுன்னு நினைக்கறேன் அக்கா, பெரிசா இருந்தா நல்லதுதானே, பாப்பா வளந்துடும். இப்போதைக்கு வாசிக்கட்டும், நான் மாத்தித் தரேன்" என்றார். டீச்சர் அப்போது வெளியூரில் இருந்தார். மகளோ வீணை வந்துவிட்டதே என்று குதித்துக்கொண்டிருந்தாள். வாசித்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஸ, ரி வரைக்கும் எப்படியோ போகும். காந்தாரத்தில், அதாவது 'க' வரும் நாலாவது மெட்டில், நின்றுவிடுவாள். வாயால் பாடிப் பார்ப்பாள், சரியாக இருக்கும். மெட்டில் வாசித்தால் ஏறி ஒலிக்கும். ஸ்வரம் இறங்கி ஒலித்தால் தந்தியைக் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கலாம், ஏறி ஒலித்தால் எதுவுமே செய்ய முடியாது, இழுத்தால் இன்னும் ஏறும். அவளுக்கு அது தெரியாது. விரலை நகர்த்திப் பார்த்தாள், மெதுவாக அழுத்தினாள், அழுத்தமாக அழுத்தினாள். மேல் ஸ்தாயிப் பக்கம் தந்தி மெட்டுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நின்றது. அழுத்தி அழுத்தி இரண்டு விரலும் கன்றிப்போயின. ஒருநாள், "அம்மா, என் கை வீணைக்கு ஆகாதாம்மா?" என்று கேட்டாள். கொஞ்ச நாளில், "நான் பாட்டே கத்துக்கறேன், வீணையை வித்துடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

பெரியவர்கள் கையில் மோசமான கருவி வந்தால், கருவியைத் திட்டுவார்கள். குழந்தைக்கு அது தோன்றாது. அவ்வளவு பெரிய, பளபளவென்று வண்ணம் அடித்த, அப்பா அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருள் தப்பாக இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? தன் மேல்தான் தப்பு என்று முடிவு செய்துவிடுகிறாள். காது சுத்தமாக இருக்கிற குழந்தைக்குத்தான் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அபஸ்வரம் அவளுக்குத் துல்லியமாகக் கேட்கிறது. 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த ஆள் என் வீட்டுக்கு அனுப்பி வைத்தது இதைத்தான்.

டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் வீட்டுக்கே வந்து பார்த்தார். முதல் தந்தியான சாரணியைத் திறந்து, அதாவது எந்த மெட்டையும் அழுத்தாமல், மீட்டினார், அதே தந்தியில் பன்னிரண்டாவது மெட்டை வாசித்தார். மேல் ஸட்ஜமாக (மேல் 'ஸ') இருக்க வேண்டிய இடம் வேறெதுவாகவோ ஒலித்தது. அடுத்த தந்தியான பஞ்சமத் தந்தியில் ஐந்தாவது மெட்டை வாசித்தார், அது திறந்த சாரணியோடு சேர வேண்டும், சேரவில்லை. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் கையில ஒரு தப்பும் இல்லடி, இதுதான் தப்பு" என்றார். அவள் நம்பினாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது அவர்கள் சொன்ன சாக்குகள். முதலில், "புது வீணை அப்படித்தான் அக்கா, வாசிக்க வாசிக்கப் பழகிடும்." மெழுகில் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிற மெட்டு எதற்குப் பழகும்? அப்புறம், "வெயில்ல வச்சிருப்பீங்க, மெழுகு இளகியிருக்கும்." சூட்டில் மெழுகு இளகும் என்பது உண்மைதான். ஆனால் வீணை உள்ளறையில் இருந்தது, பெட்டி பிரித்த அன்றே காந்தாரம் அப்படித்தான் ஒலித்தது. அடுத்து, "லாரி ஆபீஸ்ல கேளுங்க, அவங்க கீழே போட்டிருப்பாங்க." லாரி ஆபீசில் கேட்டால் உடைசல் இருந்தால் வாங்கும்போதே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு ஒரு பெண் பேச ஆரம்பித்தார், "சார் சாப்பிடறார்", "சார் கோயிலுக்குப் போயிருக்கார்", "சார் உங்களைக் கூப்பிடுவார்" என்று. கடைசியாக அந்த ஆளே பேசியபோது சொன்னதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "பாப்பா பிருடையைத் திருகி விளையாடியிருக்கும் அக்கா, குழந்தைங்க கையில குடுத்தா அப்படித்தான்." பிருடை என்பது தந்தியை முறுக்கும் திருகாணி. கையை அளந்து வாங்கியவன், கண்ணு என்று கூப்பிட்டவன், பழியை அவள் மேலேயே போட்டான். நான் கத்திவிட்டேன். அன்று மாலையிலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கணவரின் எண்ணிலிருந்து கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

பில்லை எடுத்துப் பார்த்தால் "இசைக்கருவி – 1, ரூ. 38,500" என்று மட்டும் இருக்கிறது. பலா என்று இல்லை, ஏகாந்தம் என்று இல்லை, அளவு இல்லை.

பழுது பார்ப்பவர் இன்று சொன்னது இது. குடத்துக்கும் தண்டிக்கும் நடுவில் அழகுக்கு ஒட்டியிருந்த பட்டையை நெம்பினார், கீழே ஒட்டு தெளிவாகத் தெரிந்தது. ஒட்டு வீணை கெட்டது என்று அர்த்தமில்லை, ஒட்டு வீணையிலேயே நன்றாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டு வீணையை ஏகாந்தம் என்று சொல்லி ஏகாந்த விலைக்கு விற்றதுதான் மோசடி. மரமும் பலா இல்லை என்கிறார். மேளத்தை மட்டும் புதிதாகக் கட்டிவிடலாமே என்று கேட்டேன். தண்டியே லேசாக வளைந்திருக்கிறது, அதனால்தான் தந்தி அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இதன் மேல் எத்தனை தடவை மேளம் கட்டினாலும் நிற்காது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் 38,500 ரூபாயும் முழுசாகப் போய்விட்டது என்று உறைத்தது.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில வார்த்தை மட்டும்.

டீச்சரோ வீணை வாசிக்கத் தெரிந்த வேறு யாரோ நேரில் தொட்டு வாசித்துப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வீடியோவில் எந்த வீணையும் நன்றாகத்தான் ஒலிக்கும். அவர் மடியில் இருக்கிற வீணைதான் நமக்கு வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? திறந்த தந்தி, பன்னிரண்டாவது மெட்டு, இரண்டும் சேர்கிறதா என்று பாருங்கள், அது ஒரு நிமிட வேலை. குழந்தையை உட்கார வைத்து முதல் மெட்டை எட்டுகிறதா என்று பாருங்கள். பில்லில் மரம், வகை, அளவு மூன்றும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். புவிசார் குறியீடு என்று சொன்னால், அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள். சில மாதத்துக்கு வாடகைக்கோ, பழைய வீணையோ டீச்சர் மூலமாகக் கிடைத்தால் அதுவே போதும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஆள் மொத்தமாக மறைந்துவிட்டால் தாமதிக்காமல் 1930, அது சைபர் மோசடிப் புகாருக்கான எண். ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதையும் எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நாங்கள் அதைத்தான் செய்யப் போகிறோம். வாட்ஸப் உரையாடல், வீடியோ காலில் பிடித்த படம், பில், பழுது பார்ப்பவரிடம் எழுதி வாங்கிய குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுவிட்டேன். 38,500 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூட விடப் போவதில்லை.