ஸ்ட்ரீமர் கேட்டுப் பார்க்கப் போகிறவர்கள் பின்னால் என்ன கேபிள் என்று முதலில் பாருங்கள்

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் விலை கூடிய மியூசிக் ஸ்ட்ரீமர் (இணையத்தில் வரும் பாட்டை ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி) வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். உயர்தர ஒலிக்கருவிகள் விற்கும் ஒரு ஹைஃபை கடையில் எனக்குக் காட்டிய வித்தியாசம் கருவியால் வந்ததில்லை, சத்த அளவால் வந்தது. அங்கே கட்டிய டெபாசிட்டை மீட்க பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு மனு போட வேண்டி வந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. முறையைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையை எந்தக் கடையிலும் செய்ய முடியும்.

வீட்டில் நான் வைத்திருக்கும் ஸ்ட்ரீமர் வீம் ப்ரோ பிளஸ். சின்னப் பெட்டி, வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனாலும் பெரிய திரை, நல்ல கட்டுமானம், நெடுநாள் உழைக்கும் மின்பகுதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பது பழைய ஆசை. நான் கேட்கப் போன கருவியின் விலை 18,000 வெள்ளி (ரிங்கிட்). விற்பனையாளர் நம்மவர்தான். "அண்ணே, உங்க பெட்டியையும் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சே போட்டுக் காட்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மச்சானையும் கூட்டிக்கொண்டு, காலையில் பசியாறிவிட்டுப் போனேன்.

முதலில் என் பெட்டியில் ஒரு 80களின் தமிழ்ப் பாட்டு, அப்புறம் அவர் கருவியில் அதே பாட்டு. பேஸ் கித்தார் தனியாகப் பிரிந்தது. தபேலாவில் விரல் படுவது தெரிந்தது. பாடுகிறவர் ஓரடி முன்னால் வந்து நின்றார். மச்சானுக்கும் அப்படியே கேட்டது. எங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை, வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. எதனால் இருந்தது என்பதில்தான் விஷயம்.

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச ஒலிகளையும் சரியாகப் பிடிக்காது. சத்தம் கூடக் கூட அவை மேலெழுந்து வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கூடுதல் ஒரு டெசிபல் என்றால் "சத்தம் கூடிவிட்டது" என்று பெரும்பாலும் தோன்றாது. "தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். அதனால்தான் முறையாக ஒப்பிடுகிறவர்கள் இரண்டு கருவிகளின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டுக் கேட்பார்கள். இந்தக் கடையில் அந்தப் பேச்சே எழவில்லை. ரிமோட்டும் கடைசிவரை அவர் கையிலேயே இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்க 3,000 வெள்ளி டெபாசிட் கேட்டார். "பிடிக்கலன்னா திங்கக்கெழம கொண்டாங்கண்ணே, முழுசா திருப்பிக் குடுத்துடுவோம்" என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினார். அந்த ஒரு வரிதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது மச்சான் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் ஏர்கான் வேலை செய்கிறவர், வயர் என்றால் கண் தானாகப் போகும். கடைக் கருவி ஆம்பிளிஃபயருக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள) கேபிளில் போயிருந்தது, என்னுடையது சாதாரண ஆர்சிஏ கேபிளில். வீம் பெட்டியில் எக்ஸ்எல்ஆர் கிடையாது, சரி. ஆனால் பொதுவாக உச்ச அளவில் ஆர்சிஏ வெளியீடு சுமார் 2 வோல்ட் தரும், எக்ஸ்எல்ஆர் 4 வோல்ட். இரட்டிப்பு மின்னழுத்தம் என்றால் 6 டெசிபல் கூடுதல். சில ஆம்பிளிஃபயர்கள் உள்ளே அதைச் சரிக்கட்டும், பல சரிக்கட்டாது. ஒரு டெசிபலே காதை மாற்றிவிடும் என்னும்போது ஆறு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் மல்டிமீட்டரை வைத்து அளந்தோம். (உங்களிடம் இல்லையென்றால் புடு ஜாலான் பசார் கடைகளில் மலிவாகவே கிடைக்கும்.) 100 ஹெர்ட்ஸ் ஒலியை உச்ச அளவில் ஓடவிட்டுப் பார்த்ததில், கடைக் கருவியின் ஆர்சிஏ 2.1 வோல்ட், எக்ஸ்எல்ஆரின் இரண்டாம், மூன்றாம் பின்களுக்கு நடுவே 4.2 வோல்ட். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை அளப்பதற்காகச் செய்தவை, அவ்வளவு மேலே போனால் தவறாகக் காட்டலாம்.

அதோடு முடியவில்லை. கடையில் என் பெட்டிக்கு ஸ்பாட்டிஃபை போட்டிருந்தார், அவர் கருவிக்கு வேறு சேவையிலிருந்து ஹை-ரெஸ் (உயர்தர) பதிவு. ஸ்பாட்டிஃபையில் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பு வழக்கமாகவே இயங்கிக்கொண்டிருக்கும், சத்தமான பதிவுகளை அது இறக்கிவிடும். போதாததற்கு, ஒரே பழைய பாட்டுக்குப் பல பதிப்புகள் இருக்கின்றன. கேசட்டிலிருந்து எடுத்ததும் உண்டு, மூல டேப்பிலிருந்து புதிதாக மாஸ்டர் செய்ததும் உண்டு. இவற்றில் எது எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்று தெரியாமல் பெட்டியை எடைபோட வழியே இல்லை.

இரண்டிலும் ஒரே சேவை, ஒரே ஆல்பம், இரண்டுக்கும் ஆர்சிஏ, ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட். இப்படி வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாதபடி மச்சானை மாற்றிப் போடச் சொன்னேன். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டபோது அவராலும் முடியவில்லை. விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் திரையும் ஆப்பும் அருமை, எக்ஸ்எல்ஆர் தேவைப்படுகிறவர்களுக்கு அது பயன்படும். ஆனால் அன்று எனக்கு விற்கப் பார்த்தது திரையை அல்ல, ஒலியை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வைஃபை உள்ள கருவிக்கு இந்த நாட்டில் எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று முத்திரை வேண்டும். பெட்டியிலும் இல்லை, கருவியிலும் இல்லை. வயரில் இந்த நாட்டு மூன்று முள் பிளக் இல்லை, இரண்டு முள் பிளக், அதற்கு மேல் ஓர் அடாப்டர். "மலேசியா வாரண்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார். சீரியல் எண்ணை அனுப்பி உள்ளூர் விநியோகஸ்தரைக் கேட்டதில், அது அவர்கள் கொண்டுவந்த செட் இல்லை என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தபோது பேச்சு மாறியது. மெஷின் முந்நூறு மணி நேரம் ஓடிப் பழக வேண்டுமாம், அவசரப்பட்டுவிட்டோமாம். உங்கள் லேன் கேபிள் (இணைய இணைப்பு வயர்) சரியில்லை, 2,500 வெள்ளியில் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கேளுங்கள் என்றார்கள். இணையத்தில் வரும் தரவில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கி, சேமித்து வைத்துத்தான் கருவி வாசிக்கிறது. பாட்டு அறுபடாமல் ஓடுகிறது என்றால் தரவு முழுசாக வந்துவிட்டது என்று பொருள். இதைச் சொன்னதும் முதலாளி வந்தார். டெபாசிட்டைப் பணமாகத் தர முடியாது, கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வாட்ஸ்அப்பைக் காட்டினேன். அது விற்பனையாளர் சொந்தமாக அனுப்பியது, கடைக்குச் சம்பந்தமில்லை என்றார். வயதில் பெரியவர் என்று மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தைக்கு அப்புறம் எழுந்து வந்துவிட்டேன்.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம், உள்நாட்டு வாணிப அமைச்சின்கீழ் இயங்குகிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. போராங் 1 என்ற மனுப் படிவத்தை நிரப்பி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முத்திரை இல்லாத பெட்டியின் படங்கள், விநியோகஸ்தரின் பதில் எல்லாவற்றையும் இணைத்தேன். அதன் பிரதி கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, விசாரணைத் தேதிக்கு முன்பே 3,000 வெள்ளியும் என் கணக்குக்கு வந்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

இதே மாதிரி டெபாசிட் மாட்டிக்கொண்டு, போனால் போகிறது என்று விட்டவர்கள் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போடலாம். ரசீதில் "திருப்பித் தரப்படும்" என்று எழுதாமல் வாயால் மட்டும் சொன்னால், கடையை விட்டு வெளியே வருமுன் அதை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.